போல்ட்டு என்கிற கவனக்குறைவு

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கிளாஸ். கை கழுவ ஒரு கிளாஸ், படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்க ஒரு கிளாஸ், கிளாஸில் எப்படி உட்காருவது என்பதற்கு அதற்கும் முன்னால் ஒரு கிளாஸ். எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிக்குப் போகிற ஒருவனை நிறுத்தி உனக்கு என்னப்பா வேலை என்று கேளுங்கள். மிஷின் பெயரைச் சொல்ல மாட்டான். என்னென்ன ட்ரெய்னிங் முடித்தான் என்று சொல்வான். கை கழுவும் கிளாஸ் முடிந்ததும் சான்றிதழ் கொடுப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். போட்டோ முடிந்ததும் கை கழுவாமல் பிரியாணி தின்னப் போவார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. கழனியில் வேலை செய்தேன். கழனி கம்பெனியானதும் அதே இடத்தில் லாரிக்கு லோடு ஏற்றினேன். யாரும் எனக்குக் கிளாஸ் எடுக்கவில்லை, மூட்டையும் கீழே விழவில்லை. இப்போது முட்டி போய்விட்டது. பொழுது சாய்ந்தால் கண்ணும் சரியாகத் தெரிவதில்லை. என் மகள் ஏஞ்சலின் காருக்கு ஒயர் பின்னுகிற கம்பெனியில் இருக்கிறாள். அவள் சம்பாதிக்கிறாள், நான் சமைக்கிறேன். தொழிற்பேட்டையை ஒட்டியிருக்கிற லைன் வீடுகளில் ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் போல்ட்டும் இருக்கிறோம்.

போல்ட்டு நாய். பழைய இரும்புக் குடோனில் துருப்பிடித்த போல்ட்டுக் குவியலுக்குள் குட்டியாகக் கிடந்ததை ஏஞ்சலின் தூக்கிக்கொண்டு வந்தாள். செம்பட்டை நிறம். ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கும். உலகத்தில் நடக்கிற எதையும் தனக்குச் சம்பந்தமில்லாதது என்று அது நினைத்ததே கிடையாது. காக்காய் பறந்தாலும் திரும்பும், பிளாஸ்டிக் கவர் பறந்தாலும் திரும்பும், பக்கத்து வீட்டில் குக்கர் கத்தினாலும் எழுந்து போய் என்ன ஏது என்று விசாரித்துவிட்டு வரும்.

ஆனால் சாயங்காலம் ஆனால் அதற்கு ஒரு வேலை உண்டு. மெயின் ரோட்டு முனையில் கம்பெனி பஸ் ஆரன் அடிக்கும். அடித்த உடனே போல்ட்டு ஓடும். அந்த முனையிலிருந்து வீட்டுக்கு வருகிற வழி, மூடிப்போன ரோலிங் மில்லின் சுவருக்கும் இரும்புக் குடோனுக்கும் நடுவில் வருகிறது. லைட் கம்பம் இருக்கிறது, லைட் எரியாது. மதகுக் கட்டையில் சிலபேர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெண்பிள்ளை தனியாகப் போனால் அவர்கள் வாய் சும்மா இருக்காது. சில நாள் கையும் சும்மா இருக்காது. போல்ட்டு கூட நடந்து வந்தால் மூச்சு விடமாட்டார்கள். முன்பெல்லாம் ஏஞ்சலினோடு இன்னும் சில பெண்கள் அங்கே இறங்குவார்கள். கான்ட்ராக்ட் முடிந்தது என்று அவர்களை அனுப்பிவிட்டார்கள். இப்போது அந்த முனையில் இறங்குவது இவள் ஒருத்திதான். கூட நடக்க இருந்தது அந்த நாய் ஒன்றுதான்.

இப்படி இருக்கும்போது பேட்டைக் கூட்டமைப்புக்கு ஒரு யோசனை வந்தது. கம்பெனிக்காரர்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கிற சங்கம் அது. லைன் வீடுகளும் அவர்களுடையவைதான். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருத்தரைப் பார்த்து ஏதோ ஒரு நாய் குரைத்துவிட்டதாம். எந்த நாய் என்று தெரியவில்லை. அதனால் எல்லா நாய்க்கும் பயிற்சி கொடுப்பது என்று தீர்மானம் போட்டார்கள். குரைக்காமல் இருக்கப் பயிற்சி என்றால் கேட்பதற்கு நன்றாக இல்லையாம். ஆகவே கவனப் பயிற்சி என்று பெயர் வைத்தார்கள்.

கூட்டமைப்பிலிருந்து சுமலதா மேடம் வீடு வீடாக வந்து சொன்னார். அதுவரைக்கும் ஆட்களுக்கு ஹெல்மெட் போடக் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தவர்.

“ஐயா, உங்க டாகை கிளாஸுக்குக் கூட்டிட்டு வரணும். குரூப் கிளாஸ். எல்லா டாகும் ஒண்ணா உக்காந்து கத்துக்கும்.”

“வராட்டி?”

“வரலைன்னாலும், வந்து பாஸ் ஆகலைன்னாலும், வண்டி வரும். ஏத்திக்குவாங்க.”

“எங்க இட்டுனு போவாங்க?”

“வெளியே.”

“வெளியேன்னா?”

“பேட்டைக்கு வெளியேங்க. அதுக்கு மேல எங்க லிமிட் கிடையாது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பதற்கும் கிளாஸ் முடித்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மெயின் ரோட்டை ஒட்டிய மைதானத்தில் கிளாஸ். சாயங்கால நேரம். எதிரிலேயே பஸ் நிற்கும் என்பதால் கிளாஸ் இருக்கிற நாளில் ஏஞ்சலின் இறங்கி நேராக மைதானத்துக்கு வந்துவிடுவாள், முடிந்ததும் சேர்ந்து போவோம். அந்தமட்டில் எனக்குச் சரி என்று பட்டது.

முதல் நாள் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிறகு பாதுகாப்பு விளக்கம். நெருப்புப் பிடித்தால் நாய்கள் முண்டியடித்து ஓடக்கூடாது, வரிசையாகப் போய் வேப்பமரத்தடியில் கூட வேண்டும் என்று சுமலதா மேடம் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். அந்த ஒரு இடம் மட்டும் எல்லா நாய்க்கும் உடனே புரிந்தது. வந்ததிலிருந்தே அவை அங்கேதான் காலைத் தூக்கிக்கொண்டிருந்தன.

அடுத்தது உறுதிமொழி. நாய் பேசாது என்பதால் அதன் சார்பாக நாங்கள் கையை நீட்டிச் சொல்ல வேண்டும். “நான் ஒரு பொறுப்புள்ள நாய். என் கவனம் என் நிறுவனத்தின் சொத்து. தேவையில்லாத திசையில் அதைச் செலவழிக்க மாட்டேன்.”

என் பக்கத்தில் டீக்கடை கங்கம்மா கையை நீட்டியபடி நின்றாள். “எங்க ஊட்டு ஆளு உயிரோட இருந்தப்ப என்னைய இதான் சொல்லினு இருந்தான். அப்ப கோவம் வந்துச்சு. இப்ப மைக்குல சொல்ல வெக்கிறாங்க” என்றாள். அவளுடைய நாய் செவலை அவள் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

இந்தப் பயிற்சிக்கென்று கூட்டமைப்பு போட்ட கமிட்டியின் தலைவர் வெங்கடேசன் பேச எழுந்தார். பெரிய கம்பெனியில் குவாலிட்டி அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் கலர் கலராகப் பேனா.

“நான் வாழ்க்கை பூரா குவாலிட்டியில இருந்தவன். என் டேபிளைத் தாண்டிப் போன பொருள்ல குறை இருந்ததா ஒரு ரெக்கார்டும் கிடையாது. குறை இருந்துச்சா இல்லையாங்கிறது வேற விஷயம். ரெக்கார்டு கிடையாது. அந்த ஸ்டாண்டர்டை நாம நாய்க்கும் கொண்டு வரணும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். கைத்தட்டலுக்குப் போல்ட்டு திரும்பிப் பார்த்தது. சுமலதா மேடம் கையிலிருந்த, எண்ணிக்கை காட்டுகிற சின்ன மிஷினை ஒரு அமுக்கு அமுக்கினார். நாய் வேறெங்காவது பார்த்தால் ஒரு அமுக்கு. அதுதான் கணக்கு.

தரையில் மஞ்சள் பெயின்டால் கட்டம் போட்டிருந்தார்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு நாய். கட்டத்துக்குள் உட்கார்ந்து எஜமான் முகத்தையே பார்க்க வேண்டும். போல்ட்டு கட்டத்துக்குள் உட்கார்ந்தது, முகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது. காக்காயைப் பார்த்தது, பேனரைப் பார்த்தது, பக்கத்துக் கட்டத்து நாயின் வாலைப் பார்த்தது. மேடத்தின் மிஷின் வெட்டுக்கிளி மாதிரி சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. பஸ் ஆரன் அடித்ததும் போல்ட்டு என் கையிலிருந்த கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. ஏஞ்சலினோடு திரும்பி வந்தது. அதற்கு வேலை முடிந்தது, சந்தோஷமாக வாலை ஆட்டியது.

வெங்கடேசன் எல்லாக் கட்டத்தையும் சுற்றிவந்து செவலையிடம் நின்றார். அது இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

“இந்த டாகைப் பாருங்க. கண்ணு மூடியிருக்கு. தேவையில்லாத எதையும் பார்க்கலை. டிஸ்ட்ராக்ஷன் ஜீரோ. இதுதான் நமக்கு மாடல்.”

“அது காலையில ஊசிப்போன வடை துன்னுச்சு சார், மயக்கமா கீது” என்றாள் கங்கம்மா. அவர் காதில் வாங்கவில்லை. செவலை கழுத்தில் பச்சை ரிப்பன் கட்டினார்கள். போல்ட்டு கழுத்தில் சிவப்பு.

சென்னையிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வந்து பரீட்சை வைக்கும்போது சிவப்பு ரிப்பன் மாறாவிட்டால் வண்டிதான் என்றார்கள். 

நியாயமாகச் சொல்ல வேண்டும். சுமலதா மேடம் ஒருநாள் தனியாக என்னிடம் வந்து உருப்படியாக நாலு வார்த்தை சொன்னார். “மத்த நாய்ங்களை விட்டுத் தூரமா நிறுத்துங்கய்யா. கிளாஸுக்கு முன்னாடி நல்லா நடத்திக் கூட்டிட்டு வாங்க. அதுக்கு ரொம்பப் பிடிச்சதைக் கையில வச்சிருங்க. தானா உங்க முகத்தைப் பார்த்துச்சுன்னா உடனே குடுங்க. நடுவுல கொஞ்சம் மோந்து பார்க்க விடுங்க. முதல்ல வீட்டுக்குள்ள பழக்குங்க, அப்புறம் வாசல்ல, அப்புறம் இங்க.” இதைச் சொன்னபோது மட்டும் அவர் கையிலிருந்த பேப்பரைப் பார்க்கவில்லை.

கூட்டமைப்பு கொடுத்த பிஸ்கட்டை எந்த நாயும் தொடவில்லை. குறைந்த விலை டெண்டரில் வாங்கியது. நான் பிராய்லர் கடையில் கோழி ஈரல் வாங்கி அவித்துத் துண்டு போட்டு எடுத்துப் போனேன். போல்ட்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தது. ஈரலைப் பார்த்து என் முகத்தைப் பார்த்தது, பிறகு ஈரல் இல்லாதபோதும் பார்த்தது. என் முகத்தை இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை. எனக்கே ஒருமாதிரி இருந்தது.

இதோடு விட்டிருக்கலாம். கமிட்டி விடவில்லை. நாய்கள் ஒன்றையொன்று பார்ப்பதால் கவனம் சிதறுகிறது என்று கட்டத்துக்குக் கட்டம் பச்சைத் துணி கட்டினார்கள். குரூப் கிளாஸில் இப்போது எந்த நாய்க்கும் எந்த நாயும் தெரியாது. நாங்களும் துணிக்குள்தான். மேடம் என்ன செய்து காட்டுகிறார் என்று எங்களுக்கும் தெரியாது. துணிக்கு மேலே எட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு அமுக்கு விழுந்தது. பிறகு காக்காய். காக்காய் விரட்ட ஒரு ஆளைப் போட்டார்கள். அவன் வெடி வெடித்தான். முதல் வெடிக்கே நாய்கள் துணியைக் கிழித்துக்கொண்டு தண்டவாளம் வரைக்கும் ஓடிப்போய்விட்டன. நாங்கள் தேடிப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் கமிட்டி கூடி, மைதானத்தில் காக்காய் ஒன்றுகூட இல்லை, நடவடிக்கை வெற்றி என்று எழுதி முடித்திருந்தது.

எல்லாம் சரியாகியும் போல்ட்டிடம் ஒரு குறை மிச்சம் இருந்தது. பஸ் ஆரன். ஈரலை வாயில் வைத்தாலும் துப்பிவிட்டு ஓடியது. அதற்காக என்னை ஏசி ரூமுக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனியில் மிஷின் பழுதானால் ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்பார்கள். ஐந்தாவது பதில்தான் மூல காரணமாம். நாய்க்கும் அதுதான் முறை என்றார்கள். போல்ட்டு மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டது.

வெங்கடேசன் பேனாவைத் திறந்தார். “நாய் ஏன் திரும்புது?”

“பஸ் வருது.”

“பஸ் வந்தா ஏன் திரும்பணும்?”

“அதுலதான் எம் பொண்ணு வருவா.”

“உங்க பொண்ணு ஏன் பஸ்ல வராங்க?”

“வேலைக்குப் போறா சார்.”

“ஏன் வேலைக்குப் போறாங்க?”

“துன்றதுக்கு.”

“ஏன்?”

“ஏன்னா இன்னா சார். பசிக்கும்.”

அவர் பேனாவை மூடிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் நிம்மதி தெரிந்தது. “பசி. மூல காரணம் பசி. நான் முதல்லயே நினைச்சேன்.”

“சார், இன்னொரு தபா கேளுங்க. அந்த ரோட்டுல இன்னா நடக்குதுன்னு கேளுங்க. லைட்டு ஏன் எரியலன்னு கேளுங்க. அது ஏன் ஓடுதுன்னு அப்பதான் தெரியும்.”

“அஞ்சுதான் பெரியவரே. ஆறாவது ஏன் கேட்டா, ஏன் ஆறாவது கேட்டீங்கன்னு ஆடிட்ல கேப்பாங்க.”

நாய்க்குப் பசி என்று தீர்ப்பாகிவிட்டது. ஆகவே ஆரன் அடிக்கும்போதெல்லாம் தின்னக் கொடுக்க வேண்டும். மைதானத்தில் ஸ்பீக்கர் கட்டி பஸ் ஆரனைப் பதிவு பண்ணிப் போட்டார்கள். ஆரன் அடிக்கும், நான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அது என் முகத்தைப் பார்க்கும், ஈரல். ஆரன், முகம், ஈரல். வீட்டிலும் இதையே செய்யச் சொல்லி ஏஞ்சலின் போனில் அந்தச் சத்தத்தை ஏற்றிக் கொடுத்தார்கள்.

அன்றைக்கே நான் சுமலதா மேடத்திடம் கேட்டேன். “பஸ்ஸு வந்தா போவக்கூடாதுன்னு கத்துக்குடுத்துட்டா, அப்பால எம் பொண்ணு கூட யாரு வருவா?”

“ஐயா, அது வேற ப்ராசஸ். பெண்கள் பாதுகாப்புக்குன்னு தனிக் கமிட்டி இருக்கு.”

“அதுல யாரு கீறாங்க?”

“நான்தான். ஆனா இப்ப நான் இந்தக் கமிட்டியில இருக்கேன்.”

வீட்டுக்கு வந்து ஏஞ்சலினிடம் சொன்னேன். பாஸானால் பஸ்ஸுக்கு வராது, பெயிலானால் வண்டியில் போகும், என்ன செய்வது என்றேன். அவள் போல்ட்டின் மடங்கிய காதை நீவிவிட்டாள்.

“பெயிலாச்சுன்னா நாயே இல்ல நைனா. பாஸாவட்டும். அப்பால பாத்துக்கலாம்.”

கங்கம்மாதான் எனக்கு வழி சொன்னாள். “இன்னாண்ணா இதுக்குப் போயி மூஞ்சைத் தொங்கப் போட்டுனு கீற. ஆடிட்டு வரைக்கும்தானே. எங்க கடைக்கு வர்ற பசங்களைப் பாரு. ஆடிட்டு அன்னைக்கு ஹெல்மெட்டு இன்னா, கண்ணாடி இன்னா, கிளவுஸ் இன்னா. வெள்ளைக்காரன் வண்டி கேட்டைத் தாண்டுச்சோ இல்லையோ, எல்லாத்தையும் கழட்டி மூட்டை கட்டி வெச்சிட்டு பீடியப் பத்த வெக்கிறான். உன் நாயும் அதே மாதிரி அன்னைக்கு ஒரு நாளு உக்காந்துட்டு மறுநாளு ஓடும்.”

அவள் சொன்னது சரியென்று பட்டது. இந்தப் பேட்டையில் நான் பார்த்ததெல்லாம் அப்படித்தான். ஆடிட் வந்தால் தரையைக் கோடு போட்டுத் துடைப்பார்கள், ஆடிட் போனால் அந்தக் கோட்டின் மேலேயே எச்சில் துப்புவார்கள். யாரையும் ஒரு கிளாஸும் ஒன்றும் செய்ததில்லை. போல்ட்டும் இந்தப் பேட்டையில்தானே வளர்ந்தது. அதற்கு மட்டும் தெரியாமல் இருக்குமா என்று நினைத்தேன். கொஞ்ச நாள் வரைக்கும் அது ஈரலையும் தின்றது, பஸ்ஸுக்கும் ஓடியது. பார்த்தாயா, விவரம் தெரிந்த நாய் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆடிட் நாளும் வந்தது. சென்னையிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். பந்தல், சால்வை, ஏலக்காய் டீ. நாய்கள் கட்டத்துக்குள் உட்கார்ந்து, தலைவர் பேச்சு முடிகிற வரைக்கும் எஜமான் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் பரீட்சை.

வெங்கடேசன் கவனத்தைப் பற்றிப் பேசினார். மேடையில் இருந்தவர்கள் போனைப் பார்த்தார்கள். ஒருத்தர் கொட்டாவி விட்டார். வெங்கடேசனே பேச்சு நடுவில் ஒரு போன் வந்து ஓரமாகப் போய், “நான் ஒரு ஃபோகஸ் புரோகிராம்ல இருக்கேன், சொல்லு, எவ்வளவு சதுரடி” என்று பேசிவிட்டுத் திரும்பி வந்தார். எங்கே விட்டேன் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தார்.

போல்ட்டு அசையவில்லை. காக்காய் ஒன்று அதன் முன்னாலேயே வந்து இறங்கி பிஸ்கட்டைக் கொத்திக்கொண்டு போனது. அசையவில்லை. கம்பெனி பஸ் வந்தது, நிஜ பஸ், ஆரன் அடித்தது. அதன் காது ஒருமுறை துடித்தது. கண் என் முகத்தில்தான் இருந்தது. ஏஞ்சலின் இறங்கி மைதானத்து ஓரத்தில் வந்து நின்றாள். கூப்பிடக்கூடாது என்று விதி. அவள் கூப்பிடவில்லை. அது திரும்பவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். செவலைக்கு முதல் பரிசு. மேடைக்கு அதைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. போல்ட்டுக்கு ‘சிறந்த முன்னேற்றம்’ என்று சான்றிதழ், பச்சை ரிப்பன். அதைப் பிடித்துக்கொண்டு என்னைப் போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். முனையில் ஆரன் அடித்தது. வாசலில் படுத்திருந்த போல்ட்டு எழுந்தது. ஓடும் என்று பார்த்தேன். அது உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது.

“போடா” என்றேன்.

பார்த்துக்கொண்டே இருந்தது.

“ஆடிட்டு முடிஞ்சிருச்சுடா. ஏஞ்சலின் வந்துட்டா. போ.”

வாலை மெதுவாகத் தரையில் தட்டியது. எழுந்து அதன் பின்னங்காலைத் தள்ளினேன். தள்ளிய இடத்தில் உட்கார்ந்து மறுபடியும் பார்த்தது. இப்படித் தள்ளித் தள்ளியே வெளியே இருட்டிவிட்டது. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு முட்டியை இழுத்தபடி நடந்தேன். மில் சுவர் திரும்புவதற்குள் ஏஞ்சலின் எதிரில் ஓடிவந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. தோளில் பை இருந்தது, துப்பட்டா இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகு சொன்னாள். “பஸ்ஸு போனப்பறமும் அங்கியே நின்னுனு இருந்தேன் நைனா. இதோ வந்துடும் இதோ வந்துடும்னு பாத்துகினு இருந்தேன். அதுலதான் இருட்டிப் போச்சு.”

போல்ட்டு போய் அவள் மடியில் தலையை வைத்தது. அவள் அதை அடிக்கவில்லை.

காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு கூட்டமைப்பு ஆபீசுக்குப் போனேன். என்னை உட்கார வைத்துவிட்டு மறந்துபோனார்கள். சாயங்காலம்தான் வெங்கடேசன் வந்தார், சுமலதா மேடமும் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். துப்பட்டாவையும் சொன்னேன். மேடம் தலையைக் குனிந்துகொண்டார். வெங்கடேசன் வேறு எதையோ கவனித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம் பெரியவரே. ஆடிட் முடிஞ்சப்புறமும் உங்க நாய் பஸ்ஸுக்குத் திரும்பலையா?”

“திரும்பல சார். அதான் சொல்றேன்.”

“யாரும் பார்க்காதப்பகூட?”

“ஊட்டுல நான் மட்டும்தான் இருந்தேன்.”

அவர் எழுந்து வந்து குனிந்து போல்ட்டைப் பார்த்தார். கோயிலில் பார்க்கிற மாதிரி பார்த்தார். “இத்தனை வருஷம் எவ்வளவு ட்ரெய்னிங் குடுத்திருப்போம், சுமலதா. எத்தனை ஆயிரம் பேர். ஒருத்தனாவது மாறியிருக்கானா? ஒரு ஆள்? நானே மாறலையே. இதுதான்மா நமக்கு முதல் ரிசல்ட்.”

“சார், எனக்கு ரிசல்ட்டு வாணாம். நாயைப் பழையபடி ஆக்கிக் குடுங்க.”

“அதெப்படி முடியும். பழையபடி ஆச்சுன்னா அது குறைன்னு ஆயிடும். குறைன்னு ஆச்சுன்னா வண்டி வரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இதை நாங்க எல்லாப் பேட்டைக்கும் காட்டப் போறோம். போட்டோ போட்டு ஹால்ல மாட்டப் போறோம்.”

“எம் பொண்ணு?”

“அது பெண்கள் பாதுகாப்புக் கமிட்டி. அடுத்த கூட்டத்துல வைக்கலாம். அவங்களுக்கும் ஒரு கிளாஸ் ஏற்பாடு பண்ணலாம். இருட்டுல எப்படி நடக்கிறதுன்னு.”

மேடம் நிமிர்ந்து, “சார், அங்க லைட்...” என்றார்.

“அது மின்சாரம்மா. நம்ம லிமிட் இல்லை” என்றார் வெங்கடேசன்.

நான் எழுந்தேன். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். “பெரியவரே, போறதுக்கு முன்னாடி பயிற்சி எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, பதிவு பண்ணிக்கிறோம்” என்று பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். நான் நிற்கவில்லை.

வெளியே பொழுது சாய்ந்திருந்தது. கொஞ்ச நாளில் மறந்துவிடும் என்று கங்கம்மா சொல்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. மனுஷன் மறப்பான், அதற்குத்தான் அவனுக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். இது நிஜமாகவே கற்றுக்கொண்டுவிட்டது. முனையில் ஆரன் அடித்தது. போல்ட்டு என் கால் பக்கத்தில் நடந்தபடியே தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தது. கையில் ஈரல் இல்லை. நான் அதைப் பார்க்காமல், தெரியாத கண்ணை இடுக்கிக்கொண்டு, மில் சுவரைத் தடவியபடி பஸ் நிற்கிற பக்கமாக நடந்தேன்.